கற்பாறையில் வெட்டிய நடுகல்

நினைவுச் சின்னம் என்று சொன்ன அளவில் நம் மனக்கண்முன் தோன்றுவன கற்றூண்களும் சிலைகளும் மணிக்கூண்டுகளுமே. பண்டைத் தமிழர் போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நட்டனர். அவன் பெயரையும் பெருமையையும் அதில் பொறித்தனர். மயிற்பீலி சூட்டிப் போற்றினர். அத்தகைய நடுகற்கள் வழிதோறும் நின்றன என்பதைச் சங்கச் சான்றோர் பாடல்களால் அறிகிறோம். வழிப்போக்கன் அக்கல்லைக் கண்டான், சற்றே நின்றான், பின் தன் வழியே நடந்தான். வழியருகே கல்லை நடாமல், கல்லிலே வழியை வெட்டி, அவ்வழி முழுவதையும் நடுகல்லாக ஆக்கிக்கொண்ட மக்களும் இவ்வுலகில் உண்டு. ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்கிழக்கில், விக்டோரியா மாநிலத்தின் கடலோரத்தில், அந்த நடுகல் 243 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்து வளைந்து கிடக்கிறது. அதற்குப் பெருங்கடற் சாலை என்று பெயர்.

மெல்பர்ன் நகரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் சென்றால் டோர்க்கீ என்னும் கடற்கரை ஊர் வரும். சாலை அங்கே தொடங்குகிறது. மேற்கே வார்னம்பூல் நகருக்கு அண்மையிலுள்ள ஆலன்ஸ்போர்டில் முடிகிறது. இன்று அச்சாலையிற் செல்வோர் பெரும்பாலும் காட்சி இன்பத்தை நாடிச் செல்வோரே. ஒருபுறம் செங்குத்தாக எழும் மலை. மறுபுறம் காலடியிலேயே அலைகடல். இடையே ஒரு நாடா அகலத்திற்குப் பாதை. காட்சியில் மயங்கியோர் அப்பாதை எவ்வாறு வந்தது என்று கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

நிலத்தின் இயல்பை முதலில் நோக்குவோம். குறிஞ்சி வேறு, நெய்தல் வேறு என்று நாம் இலக்கணத்திற் படிக்கிறோம். இங்கோ குறிஞ்சி நெய்தலுக்குள் பாய்ந்து விழுகிறது. ஆட்வே மலைத்தொடர் கடலை நெருங்கியும் தணியாமல், அடர்ந்த காட்டோடும் அருவிகளோடும் வந்து, திடீரென்று அலைகளின் மேல் முறிந்து நிற்கிறது. விண்ணை முட்டும் யூகலிப்டஸ் மரங்களும், அவற்றின் நிழலில் மரம்போல் வளரும் பெரணிகளும் மழைக்காட்டை நிறைக்கின்றன. அம்மலைப் பகுதியைத் தாண்டி மேற்கே சென்றால் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. மலை பின்வாங்க, சுண்ணக்கல்லால் ஆன சமவெளி கடலை எதிர்கொண்டு செங்குத்தான மஞ்சட் சுவராக நிற்கிறது. அச்சுவருக்கும் தென்துருவப் பனிக்கண்டத்திற்கும் இடையே நிலம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. தடையின்றித் திரண்டு வரும் அலைகள் தம் முழு வலிமையையும் இக்கரையிலேயே இறக்கி வைக்கின்றன.

இந்நிலத்தை யாரும் அறியாத வெறுங்காடு என்று பழைய நூல்கள் எழுதின. அது பிழை. ஆட்வே முனையைச் சுற்றிய காடும் கரையும் கடுபனுட் மக்களின் தாயகம். கிழக்கே வாத்தரோங் மக்களும், மேற்கே கிர்ரே வுர்ரோங், குண்டிச்மாரா மக்களும் வாழ்ந்தனர். கடலுணவும் கிழங்கும் விலங்கும் எந்தப் பருவத்தில் எங்கே கிடைக்கும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் தின்று கழித்த சிப்பிகளின் குவியல்கள் இக்கரை நெடுகிலும் உண்டு. விக்டோரியாப் பகுதியின் ஆட்சித் தலைவராயிருந்த சார்ல்ஸ் லா திரோப், கலங்கரை விளக்கத்திற்கு இடம் காண்பதற்காக ஆட்வே முனையைத் தரைவழியே அடைய முயன்று இருமுறை தோற்றார். மூன்றாம் முறையே, 1846ஆம் ஆண்டில், அவரால் அங்குச் சேர முடிந்தது. அதே ஆண்டில்தான் நில அளவைக் குழு ஒன்றைச் சேர்ந்த ஒருவன் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கச் சென்றோர், அய்ர் ஆற்றின் முகத்துவாரத்தருகே கடுபனுட் மக்களைச் சுட்டுக் கொன்றனர். கடலோரத்தின் வீரக் கதைகளை எழுதுவோர் இந்நிகழ்ச்சியைத் தாண்டிச் செல்வது வழக்கம். கலங்கரை விளக்கம் ஏன் எழுந்தது என்று சொல்வோர், அந்த இடத்திற்கு வழி எவ்வாறு திறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விளக்கின் தேவை மட்டும் மெய்யானது. ஐரோப்பாவிலிருந்து மெல்பர்னுக்கு வரும் பாய்மரக் கப்பல்கள் பல வாரங்கள் கரையே காணாமல் ஓடிவந்து, ஆட்வே முனைக்கும் கிங் தீவுக்கும் இடைப்பட்ட வாயிலினூடே பாஸ் நீரிணைக்குள் புகவேண்டும். வாயிலின் அகலம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நிலப்படத்திற் பார்த்தால் தாராளமான இடைவெளியாகத் தோன்றும். ஆயினும் மேகமூட்டத்தாற் கதிரவனையும் விண்மீனையும் காணாது, கணக்கு ஒன்றையே நம்பி வரும் மாலுமிக்கு அது ஊசியின் காது. மாலுமிகள் அதனை அவ்வாறே அழைத்தனர். 1845ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் குடியேறுவோரை ஏற்றிவந்த கட்டரக்கி என்னும் கப்பல் அக்காதைத் தவறவிட்டுக் கிங் தீவின் பாறையில் மோதியது. நானூறு பேர் மாண்டனர், ஒன்பதின்மரே பிழைத்தனர். ஆஸ்திரேலியாவின் குடிமக்கட் கப்பல் விபத்துகளுள் இதனினும் கொடியது இன்றுவரை இல்லை. 1848ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆட்வே முனையில் விளக்கு ஏற்றப்பட்டது. அது 1994ஆம் ஆண்டுவரை அணையாமல் எரிந்தது.

விளக்கு ஏற்றியபின்னும் விபத்துகள் நின்றபாடில்லை. 1855இல் ஷோம்பர்க், 1891இல் பிஜி, 1908இல் ஃபால்ஸ் ஆஃப் ஹாலடேல் என்று பெயர்ப்பட்டியல் நீள்கிறது. இக்கரைக்கே கப்பற்சேதக் கடற்கரை என்று பெயர் நிலைத்துவிட்டது. அவற்றுள் லாக் ஆர்ட் என்னும் கப்பலின் கதையைத் தனியே சொல்லவேண்டும்.

லாக் ஆர்ட் 1878ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அதில் 54 பேர் இருந்தனர். கப்பல் தலைவர் கிப் என்பவர் அண்மையில் மணமான இளைஞர். ஜூன் முதல் நாள் விடியலுக்கு முன், ஆட்வே முனையின் விளக்கு எந்நேரமும் கண்ணிற்படும் என்று அவர் காத்திருந்தார். விளக்குத் தெரியவில்லை, மூடுபனி மறைத்திருந்தது. பனி விலகியபோது தெரிந்தது விளக்கு அன்று, நேர் எதிரே எழுந்து நின்ற மஞ்சட் சுவர்! நங்கூரங்களை இறக்கினர்; அவை அடிமணலைப் பற்றாமல் இழுபட்டன. பாயை ஏற்றித் திருப்ப முயன்றனர், இடம் போதவில்லை. மட்டன்பேர்ட் தீவின் பாறையில் மோதிய கப்பல் கால்மணி நேரத்திற்குள் மூழ்கிவிட்டது.

பிழைத்தவர் இருவரே. ஒருவன் டாம் பியர்ஸ். கப்பல் தொழில் பயிலும் மாணவன், பதினெட்டு வயதினன். மற்றொருத்தி ஈவா கார்மைக்கேல். அயர்லாந்திலிருந்து பெற்றோரோடும் உடன்பிறந்தாரோடும் குடியேற வந்த இளம்பெண். கவிழ்ந்த படகைப் பற்றிய டாமை அலை ஒரு குறுகிய மலையிடுக்கினுள் தள்ளிச் சிறு மணற்கரையில் சேர்த்தது. சற்று இளைப்பாறிய அவன் செவியில் ஒரு கூக்குரல் விழுந்தது. நீந்தத் தெரியாத ஈவா, மிதந்த மரத்துண்டைப் பற்றியவாறு பல மணி நேரம் குளிர்நீரில் கிடந்து, அதே இடுக்கினுள் அடித்துவரப்பட்டாள். அப்போதுதான் சாவிலிருந்து மீண்டவன் மறுபடியும் கடலில் இறங்கினான். அவளைக் கரைசேர்க்க அவனுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது என்பர். குகையொன்றில் அவளைக் கிடத்தி, கரையொதுங்கிய பிராந்திப் புட்டி ஒன்றை உடைத்துச் சிறிது பருகுவித்தான். பின் அந்தச் செங்குத்துச் சுவரில் தொற்றி ஏறினான். மேலே மேய்ச்சல் நிலம். கிளெனாம்பிள் பண்ணையைச் சேர்ந்தவர்கள் குதிரையில் சென்றுகொண்டிருந்தனர். ஈவா காப்பாற்றப்பட்டாள். அவளுடைய தாய், தந்தை, உடன்பிறந்தோர் ஐவர் ஆகிய எவரும் மீளவில்லை. கடல் திருப்பித் தந்த சில உடல்களுக்கான கல்லறைகள் இன்றும் அக்குன்றின்மேல் இருக்கின்றன.

இருவரும் மணம் செய்துகொள்வர் என்று குடியேற்ற நாடே எதிர்பார்த்தது. செய்தித்தாள்கள் எழுதித் தள்ளின. வாழ்க்கை செய்தித்தாளின் விருப்பப்படி நடப்பதன்று. ஈவா சில மாதங்களில் அயர்லாந்து திரும்பினாள். டாம் பொற்பதக்கம் பெற்றான். மீண்டும் கடலுக்கே சென்று பின்னாளில் கப்பல் தலைவனானான். அக்கப்பலில் வந்த மற்றொன்றும் பிழைத்தது. 1880ஆம் ஆண்டின் மெல்பர்ன் உலகக் கண்காட்சிக்காக அனுப்பப்பட்ட, ஓர் ஆள் உயரம் இருக்கத்தக்க பீங்கான் மயில் அது. ஐம்பத்திரண்டு உயிர்களை விழுங்கிய அலை, அந்த மயிலைப் பெட்டியோடு பதமாகக் கரையில் வைத்துவிட்டுப் போனது. இன்று அது வார்னம்பூல் கப்பற்கலை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கடல்வழி இத்துணைக் கொடியதாயிருக்க, தரைவழியோ இல்லவே இல்லை. லோர்ன், அப்பல்லோ விரிகுடா போன்ற சிற்றூர்களில் மரம் வெட்டுவோரும் மீன் பிடிப்போரும் வாழ்ந்தனர். ரட்யார்ட் கிப்ளிங் தம் பாடலொன்றில் லோர்னுக்குச் செல்லும் வழியையும் எர்ஸ்கின் ஆற்றையும் குறிப்பிட்டிருக்கிறார் என்பது இலக்கிய மாணவர்க்குச் சுவையான செய்தி. ஆனால் பாடலில் இனிக்கும் அவ்வழி, உள்நாட்டிலிருந்து காட்டு மலையைக் கடந்து இறங்கும் குதிரைவண்டித் தடம், மழைக்காலத்திற் சேறு. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கரையோரமாகச் செல்ல வேண்டின் படகையே நம்பவேண்டும்.

இனிச் சாலையின் வரலாற்றுக்கு வருவோம். முதல் உலகப்போரில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர் கடல்கடந்து போரிட்டனர். ஏறத்தாழ அறுபதினாயிரவர் மாண்டனர். மீண்டவர்களை வரவேற்க இசைக்குழுக்கள் இருந்தன; வேலை இல்லை. பதினெட்டிலும் இருபதிலும் துப்பாக்கி ஏந்தப் போனவன் வேறு தொழில் கற்கவில்லை. கல்லிப்பொலியிலும் பிரான்சின் பதுங்குகுழிகளிலும் கண்டவற்றைச் சொல்ல அவனுக்கு வாயுமில்லை. கேட்க ஊருக்குச் செவியுமில்லை. போர் முடிவதற்கு முன்பே இந்நிலையை எண்ணிப் பார்த்தவர் விக்டோரியா நாட்டுப்புறச் சாலை வாரியத்தின் தலைவராயிருந்த பொறியாளர் வில்லியம் கால்டர். மீண்டுவரும் வீரர்களைக் கொண்டு மேற்குப் பகுதியில் சாலைகள் அமைக்கலாம் என்று அவர் 1917இல் அரசின் போர்க்குழுவுக்கு எழுதினார். அவர் வரைந்த திட்டங்களுள் ஒன்று தென்கடற்கரைச் சாலை.

அத்திட்டத்தைத் தம் உயிராக ஏற்றுக்கொண்டவர் ஜீலாங் நகரத் தந்தை ஹோவர்ட் ஹிட்ச்காக். துணிக்கடை முதலாளி, செல்வர், பக்திமான். அவர் தலைமையில் 1918ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருங்கடற் சாலை அறநிறுவனம் தோன்றியது. பொதுமக்களிடம் நிதி திரட்டுவது, வீரர்களுக்கு வேலை தருவது, போரில் மடிந்தவர்க்கு அச்சாலையையே நினைவுச் சின்னமாக்குவது என்பவை அதன் நோக்கங்கள். ஹிட்ச்காக் தம் கைப்பொருளிலிருந்து 3,000 பவுன் கொடுத்தார். பயணிகள் வந்தால் கடலோர ஊர்கள் செழிக்கும் என்ற வணிகக் கணக்கும் அவர் உள்ளத்தில் இருந்தது. அதனால் அவர் ஈகை குறைந்துவிடுமா? குறையாது. அறமும் கணக்கும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடியவையே. கணக்கில்லாத அறம் பல வேளைகளில் பாதியில் நின்றுவிடுவதைக் காண்கிறோம்.

1918இல் நில அளவை தொடங்கியது. அடர்காட்டிலும் செங்குத்திலும் தொற்றிச் சென்ற அளவைக் குழுவினர், மாதம் முழுதும் உழைத்தும் மூன்று கிலோமீட்டரே முன்னேற முடிந்தது. 1919ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் மாநில முதல்வர் ஹாரி லாசன் முதல் வெடியை வெடித்துப் பணியைத் தொடங்கி வைத்தார். வெடியோசை கேட்டு வாழ்ந்தவர்கள், அதே ஓசையைக் கேட்டு மீண்டும் வேலைக்கு வந்தனர்.

இப்பணியில் ஏறக்குறைய 3,000 முன்னாள் வீரர்கள் ஈடுபட்டனர். கருவிகள் எவை என்று கேட்டால் வியப்பு மேலிடும். கடப்பாரை, குந்தாலி, மண்வெட்டி, தள்ளுவண்டி, குதிரை வண்டி, வெடிமருந்து, இவ்வளவே. சில சிறு எந்திரங்கள் இருந்தன என்றாலும், மலையைக் குடைந்தது மனிதனின் கை. பாறைச் சுவரில் துளையிட வேண்டும். மருந்தை அடைக்க வேண்டும். திரியைப் பற்றவைத்து விலகி ஓட வேண்டும். புகை அடங்கியபின் வந்து உடைந்த கல்லைக் கடலுக்குள் தள்ள வேண்டும். ஒரு காலடி அகலம் கிடைத்ததும் அதன்மேல் நின்று அடுத்த துளை. கீழே அலை. பணியிடையே உயிரிழந்தோரும் உண்டு. ஐரோப்பியப் போர்க்களம் விட்டுவைத்தவனைத் தாய்நாட்டின் பாறை கொண்டுபோயிற்று என்பதை எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது.

எட்டு மணி நேர வேலைக்குக் கூலி 10 ஷில்லிங் 6 பென்ஸ். சனிக்கிழமை அரைநாள் வேலை. தங்குவதற்குக் கூடாரம், பொதுச் சமையற்கூடமும் உணவுக் கொட்டகையும் உண்டு. ஒரு வாரச் சாப்பாட்டுக்கு 10 ஷில்லிங் வரை ஆயிற்று. ஒருநாட் கூலியில் ஒரு வாரச் சோறு அடங்கியது என்றால் அந்நாளில் அது தாழ்ந்த நிலையன்று. முகாமில் ஒரு பியானோவும் இசைத்தட்டுப் பெட்டியும் செய்தித்தாள்களும் விளையாட்டுப் பொருள்களும் இருந்தன. காட்டின் நடுவே, மழைக் கூடாரத்தில், பகலெல்லாம் கல்லுடைத்த கைகள் இரவில் பியானோ வாசித்தன. இந்த ஒரு செய்தி அம்முகாம்களின் இயல்பை நமக்கு நன்கு உணர்த்தும். தாம் வேலை செய்த பாறைகளுக்கும் பள்ளங்களுக்கும் அவர்கள் பீரங்கிப் பாறை, குண்டுச்சிதறல் பள்ளம் என்றெல்லாம் பெயரிட்டனர். போரை மறக்க வந்தவர்கள் போரின் சொற்களையே கொண்டுவந்திருந்தனர்.

ஒரு வேடிக்கை நிகழ்ச்சியையும் இங்கே குறிப்பிடலாம். 1924இல் கசீனோ என்னும் கடலோர நீராவிக் கப்பல் பாட்டன் முனையருகே பாறையில் தட்டியது. சுமையைக் குறைக்க மாலுமிகள் 500 பீப்பாய்ப் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் எறிந்தனர். கடல் அவற்றைச் சாலைத் தொழிலாளரின் முகாமுக்கே நேராகக் கொண்டுவந்து சேர்த்தது. அதன்பின் இரண்டு வாரங்களுக்குச் சாலை வேலை நடைபெறவில்லை. மது விலக்கைப் போற்றுவோரும் இதைப் படித்து ஒரு புன்முறுவல் பூக்கலாம். அதே கசீனோ 1932ஆம் ஆண்டு ஜூலையில் அப்பல்லோ விரிகுடாவில் மூழ்கிப் பத்துப் பேர் மாண்டனர் என்பது அக்கதையின் மறுபக்கம்.

ஈஸ்டர்ன் வியூ முதல் லோர்ன் வரையிலான முதற்பகுதி 1922ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் திறக்கப்பட்டது. சில வாரங்களிலேயே மேலும் செப்பனிடுவதற்காக அதை மூடிவிட்டு, டிசம்பரில் மீண்டும் திறந்தனர். கட்டுமானச் செலவை ஈடுகட்டச் சுங்கம் தண்டினர். மோட்டார் வண்டிக்கு 2 ஷில்லிங். இரண்டு குதிரைகளுக்கு மேல் பூட்டிய பாரவண்டிக்கு 10 ஷில்லிங். பாரவண்டியின் இரும்புப் பட்டை சாலையை உழுதுவிடும் ஆதலால் இவ்வேறுபாடு. அன்றைய சாலை ஒரு வண்டி செல்லும் அகலமே உடையது. எதிரே மற்றொரு வண்டி வந்துவிட்டால் இருவரில் ஒருவர், ஒருபக்கம் அதலபாதாளம் இருக்க, பின்னோக்கியே ஓட்டிச் செல்லவேண்டும்.

லோர்னுக்கு மேற்கேதான் கடுமையான பகுதி. டிபையன்ஸ் மலை என்பது அங்குள்ள குன்றின் பெயர். எதிர்த்து நிற்பது என்று பொருள்படும் அப்பெயர் பொருத்தமானதே. பணம் தீர்ந்து வேலை மெலிந்த காலமும் இருந்தது. பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, வேலையிழந்த மற்றத் தொழிலாளரும் அரசின் உதவித் திட்டத்தின்கீழ் இங்கே அனுப்பப்பட்டனர். ஆகவே இச்சாலை முன்னாள் வீரர்களின் படைப்பு மட்டும் அன்று. பசியால் வந்தவர்களின் வியர்வையும் இதிற் கலந்திருக்கிறது. நினைவுக் கற்கள் முன்னவரைச் சொல்லுமளவு பின்னவரைச் சொல்வதில்லை.

1932ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், லோர்ன் முதல் அப்பல்லோ விரிகுடா வரையிலான பகுதியும் முடிந்து, மாநிலத் துணைநிலை ஆளுநர் சர் வில்லியம் இர்வின் சாலையைத் திறந்து வைத்தார். வண்டிகள் வரிசையாகச் சென்றன. ஆளுநரின் வண்டிக்குப் பின்னே ஒரு வண்டி சென்றது. அதன் உரிமையாளர் அதில் இல்லை. அது ஹிட்ச்காக்கின் வண்டி. பதினான்கு ஆண்டுகள் இச்சாலைக்காகவே வாழ்ந்தவர், திறப்பு விழாவுக்கு மூன்று மாதங்களுக்கு முன், ஆகஸ்டு 22ஆம் நாள், நெஞ்சு நோயால் இறந்திருந்தார். திட்டத்தை முதலில் வரைந்த கால்டரோ 1928இலேயே மறைந்துவிட்டார். டிபையன்ஸ் மலையருகே, கடலை நோக்கிய ஒரு திருப்பத்தில், ஹிட்ச்காக்குக்கு நினைவுச் சுவர் எழுப்பப்பட்டது. 1936ஆம் ஆண்டு அக்டோபரில் அறநிறுவனம் சாலையை அரசிடம் ஒப்படைத்தது, சுங்கமும் நீங்கியது. மேற்கே உள்ள பழைய பாதைகளும் இணைந்து செப்பமுற்று நெடுஞ்சாலை முழுமை பெற்றது.

சாலை முடிந்தது, மலையும் கடலும் தம் வழக்கை முடித்துக்கொள்ளவில்லை. 1964இலும் 1971இலும் லோர்னுக்கு அருகே நிலம் சரிந்து பாதையை அடைத்தது. 1983ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் மூண்ட காட்டுத்தீ இக்கரையோரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளை எரித்தது. ஈஸ்டர்ன் வியூவில் நின்ற நினைவு வளைவும் அதில் சாம்பலாயிற்று. 2015ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வை ஆற்றூரையும் செப்பரேஷன் ஓடையூரையும் தீ சூழ்ந்து 116 வீடுகளை அழித்தது. மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. வெளியேற அவர்களுக்கு வழியாயிருந்தது இச்சாலை. மரம் எரிந்த மலையில் வேர் பிடிப்பில்லாமையால், அடுத்த ஆண்டு மழையில் மண்ணும் பாறையும் மீண்டும் சாலைமீது இறங்கின.

மேற்குப் பகுதியில் கடல் செய்யும் வேலை இன்னும் வெளிப்படையானது. சுண்ணக்கற் சுவரின் மென்மையான இடத்தை அலை முதலிற் குடைந்து குகையாக்குகிறது. இருபுறமும் குடைந்தால் குகை வளைவாகிறது. வளைவின் மேற்புறம் இடிந்தால் கடலிடையே தனித்தூண் நிற்கிறது. தூணும் ஒருநாள் விழுகிறது. இவ்வாறு நிற்கும் தூண்களின் கூட்டத்தைப் பன்னிரு அப்போஸ்தலர்கள் என்று உலகம் அறியும். முன்பு அதற்குப் பன்றியும் குட்டிகளும் என்று பெயர்! பயணிகளைக் கவரும் பொருட்டுப் பன்றிகள் திருத்தூதர்களாயின. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு என்றுமே இருந்ததில்லை, ஒன்பதே இருந்தன. 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவற்றுள் ஐம்பது மீட்டர் உயரமுள்ள ஒன்று, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்முன்னே நொறுங்கி விழுந்தது. 1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், லண்டன் பாலம் என்று பெயர்பெற்ற இரட்டை வளைவில் கரையோடு ஒட்டிய வளைவு இடிந்தது. அதன் மறுகோடியில் அப்போது நின்றுகொண்டிருந்த இருவர் நொடிப்பொழுதில் தீவினராயினர். ஹெலிகாப்டர் வந்து அவர்களை மீட்டது.

துணிவுள்ளோர்க்கு இக்கரை இன்றும் களமாக விளங்குகிறது. டோர்க்கீக்கு அருகிலுள்ள பெல்ஸ் கடற்கரையில் அலைச்சறுக்குப் போட்டி 1962இல் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு முதல் அது ஈஸ்டர் விழாவையொட்டி நடைபெறலாயிற்று. வெல்வோர்க்குப் பரிசு ஒரு மணி. முன்னாளில் மாலுமியைக் கொன்ற அதே தென்கடல் அலைமீதுதான் இளைஞர் பலகையேறி விளையாடுகின்றனர். 2006இல் அப்பல்லோ விரிகுடாவிலிருந்து கிளெனாம்பிள் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று திறக்கப்பட்டது. முதுகிற் சுமையோடு பல நாள் நடப்போர் காட்டையும் குன்றையும், கப்பல்களின் துருப்பிடித்த நங்கூரங்கள் மணலிற் புதைந்து கிடக்கும் கரையையும் கடந்து, ஈவாவுக்கு அடைக்கலம் கொடுத்த பண்ணையருகே பயணத்தை முடிக்கின்றனர். அப்பண்ணைக்கு உரியவரான கிப்சன் கடற்கரைக்கு இறங்குவதற்காகப் பாறைச் சுவரில் வெட்டுவித்த 86 படிகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

லாக் ஆர்ட் மலையிடுக்கின் அருகே, தீவு வளைவு என்ற பாறை ஒன்று கடலில் நின்றது. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதன் நடுப்பகுதி இடிந்து விழ, ஒன்றையொன்று நோக்கிய இரண்டு தூண்கள் மிஞ்சின. அவற்றுக்கு டாம், ஈவா என்று பெயரிட்டனர். ஊர்மக்கள் 131 ஆண்டுகளுக்கு முன் ஆசைப்பட்டதை ஒருவாறு நிறைவேற்றிக்கொண்டார்கள் போலும்! இடையே ஓடும் நீர் மட்டும் அகலவில்லை.

சாலையை ஆஸ்திரேலிய அரசு 2011இல் நாட்டின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ஈஸ்டர்ன் வியூவில் தீக்குப்பின் மீண்டும் எழுந்த மர வளைவு சாலையின் குறுக்கே நிற்கிறது. முன்பு நின்ற வளைவு ஒன்றைச் சரக்குந்து மோதிச் சாய்த்தது. மற்றொன்றைத் தீ தின்றது. அதனருகே, சாலையின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி 2007இல் வைத்த வெண்கலச் சிலையில், முன்னாள் வீரர் இருவர் தொழிலாளர் கோலத்தில் காணப்படுகின்றனர். அவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை. மெல்பர்னிலிருந்து வரும் பயணப் பேருந்துகள் அங்குச் சற்று நிற்கின்றன. பயணிகள் இறங்கி வளைவின்கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். சிலர் சிலையருகே சென்று அந்த இருவரின் தோளில் கைவைத்தும் நிற்கின்றனர். பின்னர்ப் பேருந்து லோர்னை நோக்கி முதல் வளைவில் திரும்புகிறது.